ஓடச் சொல்லுமுன் ஊட்டினோமா?

"மலைப் பிள்ளைகளா? அவர்களுக்கென்ன குறை! பாறையிலே பிறந்து, பள்ளத்திலே தவழ்ந்து, மேட்டிலே ஏறி வளர்ந்தவர்கள். உடம்பு இரும்பு! பந்தயத்திலே இறக்கிவிட்டால் ஒருவராலும் எட்டிப் பிடிக்க முடியாது!"

தோழர்களே! கல்வராயன் மலையைப் பற்றிப் பேச்செடுத்தால், கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இப்படித்தான் சொல்லுகின்றனர். பாராட்டுத்தான். காதுக்கு இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பாராட்டின் தோலை உரித்துப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது? "அவனுக்கு நாம் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை, இயற்கையே எல்லாம் கொடுத்துவிட்டது" என்ற கணக்கு இருக்கிறது! காசு செலவில்லாத புகழ்ச்சி அது. கைதட்டிவிட்டுக் கையை விரிப்பதற்கு வசதியான புகழ்ச்சி.

இரும்பு உடம்பு என்கிறீர்களே, கேட்கிறேன்: அந்த உடம்புக்குள் இரும்பு இருக்கிறதா என்று ஊசி குத்தி ஒரு சொட்டுக் குருதி எடுத்துப் பார்த்தீர்களா?

எடுத்துப் பார்த்தவர்கள் இருக்கின்றனர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை என்று சொல்லிற்று. சென்னையையும் கோவையையும், மாடி வீட்டையும் மோட்டார் வண்டியையும் சேர்த்துப் போட்ட கணக்கு இது. நூற்றுக்கு 53! பாதிக்கு மேல்!

சோகை என்றால் என்ன? குருதியிலே சிவப்பணு குறைவு. சிவப்பணுவின் வேலை என்ன? நுரையீரலில் உயிர்வளியை ஏற்றிக்கொண்டு போய்த் தசையிலே இறக்குவது. சுமைவண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி செய்ய இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் வண்டி குறையும். ஒரு பெண் 400 மீட்டர் ஓடுகிறாள்; 250 மீட்டருக்கு மேல் மூச்சு இரைக்கிறது, கால் கனக்கிறது, கண் இருட்டுகிறது. திடலின் ஓரத்தில் நின்றுகொண்டு, "சோம்பேறி! மனத்தில் உறுதியில்லை!" என்று திட்டுகிறார்கள். மனத்தில் உறுதி மலையளவு இருக்கிறது அய்யா. குருதியிலேதான் வண்டி இல்லை!

இன்னொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். பயிற்சி எப்போது நடக்கிறது? காலை ஐந்தரை, ஆறு மணிக்கு. பிள்ளை கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? முந்தின இரவு எட்டு மணிக்கு, ஒரு தட்டுச் சோறு, மேலே ரசம். பத்து மணி நேரம் கழிந்திருக்கிறது. உண்ட சோற்றின் சத்து சர்க்கரையாக மாறி ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். உறங்கும்போதே ஈரலின் இருப்பு பெரும்பகுதி கரைந்துவிடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு அவன் ஓடவேண்டும், தாண்டவேண்டும், கபடிக் களத்தில் பாடிப் போகவேண்டும். முடித்துவிட்டு வந்தால் என்ன கிடைக்கிறது? ஒரு குவளைத் தேநீர்! அது பசியை அடக்கும், அவ்வளவுதான். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தாலோ, கீரையிலும் தானியத்திலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு ஏற்க விடாமல் தடுக்கும்.

வளர்ந்த ஆளுக்கு உணவு குறைந்தால் அவன் மெலிவான். வளருகிற பிள்ளைக்கு உணவு குறைந்தால்? உடம்பு ஒரு சிக்கனக்காரக் குடும்பத் தலைவி மாதிரி நடந்துகொள்ளும். இருக்கிறதைக் கொண்டு ஓட்டத்தை நடத்திக் கொடுக்கும். அதற்காக வளர்ச்சிச் செலவை நிறுத்திவிடும். எலும்பு கெட்டிப்படாது. தசை வளராது, உள்ள தசையையும் எரித்து அடுப்பு மூட்டும். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றுபோகும். "நல்லதுதானே, பந்தயத்துக்குத் தொந்தரவில்லை" என்று சொல்லும் அறியாமையும் உண்டு. அது நல்லதன்று, அபாயமணி! அடுத்து வருவது எலும்பில் விரிசல். பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்தக் கேட்டுக்கு 2014இல் தனிப் பெயரே சூட்டி எச்சரித்தது. ஓடுகிற அளவுக்கு உண்ணாததால் வருகிற கேடு அது. பணக்கார நாடுகளில் மெலிந்திருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே பட்டினி கிடக்கிற வீராங்கனைகளுக்கும் இது வருகிறது. நம் பிள்ளைகளுக்கு வேண்டாமலே வருகிறது.

உணவு ஒரு பந்தயத்தில் எவ்வளவு வித்தியாசம் செய்துவிடும் என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுகிறேன்.

1984. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதல் சேர்க்கப்பட்ட ஆண்டு. பக்கத்துக் கேரளத்தின் பய்யோலியிலிருந்து போன 20 வயதுப் பெண் பி.டி. உஷா இறுதிப் போட்டியில் நிற்கிறார். ருமேனிய நாட்டுப் பெண் 55.41 நொடியில் முடிக்கிறார். உஷா 55.42. ஒரு நொடியை நூறு கூறாக்கி, அதில் ஒரே ஒரு கூறு! வெண்கலம் போயிற்று, நான்காம் இடம்.

பல்லாண்டுகளுக்குப் பிறகு உஷாவே ஒரு பேட்டியில் நடந்ததைச் சொன்னார். ஒலிம்பிக் ஊரில் கிடைத்த அமெரிக்கச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே அப்படித்தான் கிடைக்கும் என்று முன்கூட்டி எச்சரித்தவர் எவருமில்லை. அரிசிக் கஞ்சியும் ஊறுகாயுமே கதி என்று ஆயிற்று. கடைசி 35 மீட்டரில் அந்தச் சத்துக்குறைவு தம்மைக் கீழே இழுத்துவிட்டது என்பது அவர் கூற்று.

கஞ்சிதான் பதக்கத்தைப் பறித்தது என்று நான் தீர்ப்பெழுத மாட்டேன்; தடையோட்டத்தில் தோற்க நூறு காரணம் உண்டு. ஆனால் ஒரு நாடே செலவு செய்து, வானூர்தி ஏற்றி, கொடி பிடித்து அனுப்பிய ஓட்டக்காரி என்ன சாப்பிடுவாள் என்று ஒருவருமே எண்ணிப் பார்க்கவில்லையே, அது காரணமல்லவா? ஒலிம்பிக் வரை போனவருக்கே அந்தக் கதி என்றால், வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் மாவட்டப் போட்டிக்கு வண்டியேறுகிற பிள்ளையின் வயிற்றைப் பற்றி எவர் எண்ணப்போகிறார்?

அதே உஷாவின் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென்று ஒரு விளையாட்டுப் பள்ளி தொடங்கிற்று. வசதியில்லாத வீட்டுச் சிறுமியான உஷா அங்கே சேர்ந்தார். தங்க இடம், பயிற்சி தர ஆள், வேளைக்குச் சோறு. அந்தப் பள்ளி இல்லாவிட்டால் நூற்றில் ஒரு நொடியைப் பற்றி இன்று நாம் பேசியிருக்கவே மாட்டோம்!

சரி, என்ன உணவு வேண்டும்? இங்கேதான் வணிகர் புகுந்து விளையாடுகின்றனர். ஓட்டப் போட்டியில் ஒரு பிள்ளை முதலில் வந்துவிட்டால் போதும். டப்பா டப்பாவாகப் புரத மாவு வாங்கச் சொல்லி யாராவது ஒருவர் காதில் ஓதுகிறார். டப்பா ஒன்று ஆயிரக்கணக்கில்! கூலி வேலை செய்கிற தகப்பன் கடன் வாங்குகிறான். அந்த மாவிலே என்ன கலந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, ஓதியவருக்கும் தெரியாது. தடைசெய்த பொருள் கலந்திருந்து சோதனையில் அகப்பட்டால், "எனக்குத் தெரியாது" என்ற வாதம் எடுபடாது. உடம்புக்குள் போனதற்கு ஓடியவரே பொறுப்பு என்பதுதான் உலக விதி. கடனும் போய், ஆண்டுக்கணக்கில் களமும் போகும்.

டப்பா வேண்டாம் தோழர்களே! கென்யா நாட்டுக்கு வாருங்கள். அங்கே இடென் என்று ஒரு மலையூர், ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில். உலகத்தின் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் அங்கிருந்தும் அதன் சுற்றுப்புறத்திலிருந்தும் படை படையாகக் கிளம்புகின்றனர். அவர்கள் சாப்பிடுவது என்ன? சோள மாவைக் கொதிநீரில் கிண்டிய களி. "உகாலி" என்பது அதன் பெயர். நம் கேழ்வரகுக் களிக்குக் கூடப்பிறந்த அண்ணன்! தொட்டுக்கொள்ளக் கீரை. கூடவே பயறு, பால். 42 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் ஓடி முடித்த முதல் மனிதர், 2019இல் வியன்னா நகரில் ஓடிய எலியூட் கிப்சோகே (தனியே ஏற்பாடு செய்த ஓட்டம்தான், இருந்தாலும் ஓடினாரே!), அந்தக் களியை விட்டுக்கொடுக்காதவர். களி தின்பது கேவலம் என்று நம்மிலே மூக்கைச் சுளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும்.

நம் மலையிலே இல்லாத களியா? கல்வராயன் மலையின் தானியம் சாமை, தினை, கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் தேறினால் பெரிது! எலும்பு முற்றுகிற வயதுப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று சொல்லவும் வேண்டுமா?

பின் ஏன் தட்டிலிருந்து அந்தத் தானியம் நழுவிற்று? மலைச்சரிவிலே மரவள்ளி ஏறிவிட்டது. ஆத்தூர், சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கிழங்குக்குக் கையிலே காசு கிடைக்கும். காசுக்கு முன்னால் சாமை நிற்குமா? அது மட்டுமா? சாமையை உரலில் இட்டு, உலக்கை பிடித்து, உமி போகக் குத்துகிற பாடு யாருடையது? பெண்ணுடையது! நியாயவிலைக் கடையில் தீட்டிய அரிசி வந்ததும் அவள் உலக்கையை மூலையிலே சாத்தினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். குத்துகிற கைக்கு ஓய்வு வேண்டாமா? பழம்பெருமை பேசி அவளை மறுபடி உரலுக்கு அனுப்பும் யோசனை எனக்கில்லை. ஊருக்கு ஊர் உமி நீக்கும் எந்திரம் வைத்துக் கொடுங்கள், பிறகு சாமையின் பெருமையைப் பேசுங்கள். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 மே மாதம் நியாயவிலைக் கடை வழியே கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள், இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு. கேழ்வரகு விளைகிற கல்வராயன் மலை மட்டும் அந்த வரிசையில் ஏன் நிற்கக்கூடாது?

அரிசிக்காக இந்த இயக்கம் எவ்வளவோ போராடியிருக்கிறது. 1967இல் ரூபாய்க்குப் படியரிசி என்ற முழக்கம் நாட்டையே புரட்டிற்று. அரிசிப் போரில் வென்றோம். பருப்புப் போர் இன்னும் பாக்கி! கணக்குப் போட்டுப் பாருங்கள். அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, 30 ரூபாய்க்கு. வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கிராம்கூட முழுதாக வரவில்லை. சாம்பாரில் பருப்பைத் தேட விளக்குப் பிடிக்கவேண்டியதுதான்!

விளையாட்டு வீரருக்கு உடம்பின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது உடற்பயிற்சி மருத்துவர்களின் கணக்கு. 40 கிலோ எடையுள்ள ஒரு பையனை நடுவாந்திரமாக 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அவன் நாளெல்லாம் 400 கிராம் அரிசியைச் சோறாக்கித் தின்றாலும் அதில் 28 கிராம்தான் தேறும். பருப்பில் ஒன்றரை கிராம். பள்ளிக்கூடம் உள்ள நாளானால் ஒரு முட்டை, அதில் ஆறு கிராம். ஆகமொத்தம் 35ஐக் கொஞ்சம் தாண்டும். வயிறு நிறைந்திருக்கிறது, 24 கிராம் பற்றாக்குறை! அதை அடைக்க என்ன வேண்டும்? ஒரு பிடி வேர்க்கடலை, 50 கிராம். அதில் 12 கிராம் புரதம். முளைகட்டிய கொள்ளு, காய்ந்த கணக்கில் 30 கிராம், அதில் ஆறு. ஒரு குவளைப் பால்; அதில் ஆறு. கூட ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கீரையின் இரும்பை உடம்பு எளிதாக ஏற்கும். இவ்வளவும் சேர்ந்து முப்பது ரூபாய்க்குள் அடங்கும். டப்பா எங்கே, இது எங்கே!

மில்கா சிங் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் எதற்காக ஓடினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். முன்னே வருகிறவர்களுக்கு நாள்தோறும் கூடுதலாக ஒரு குவளைப் பால்! அந்தப் பாலுக்காக ஓடத் தொடங்கியவர்தான் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்தார். பாலைக் கொடுத்தது பட்டாளம். நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போவது யார்?

பள்ளிக்கூடம்தான் கொடுக்கவேண்டும். அதற்கு இந்த மண்ணில் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம் இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர், சென்னை மாநகராட்சியின் ஆயிரம்விளக்குப் பள்ளியில் சோறு போடச் செய்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. காமராசர் 1956இல் அதை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989இல் கலைஞர் அதில் முட்டையை வைத்தார்; இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கியது 2010இல் வாரம் ஐந்து ஆயிற்று. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் காலை உணவுத் திட்டம் மதுரையில் பிறந்தது. மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. எதிர்க்கட்சிக்காரர் கொண்டுவந்ததானாலும் நல்லதை நல்லது என்று சொல்லுவோம். பிள்ளையின் வயிற்றுக்குக் கட்சி கிடையாது.

ஆனால் நம் வீட்டுத் திட்டத்திலும் ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டவேண்டும். காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரை. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோதும் அந்த ஐந்தாம் வகுப்புக் கோட்டைத் தாண்டவில்லை. மதிய உணவோ பத்தாம் வகுப்போடு நிற்கிறது. பிள்ளை எந்த வயதில் ஓடத் தொடங்குகிறான்? ஆறாம் வகுப்பில்! எந்த வயதில் எலும்பும் தசையும் விறுவிறுவென்று வளருகின்றன? பதினொன்றிலிருந்து பதினேழுக்குள்! பசி எப்போது கொடுமையாக இருக்கும்? அப்போதுதான்! காலைத் தட்டை எப்போது எடுத்துவிடுகிறோம்? அதே அப்போதுதான்!

மலைப் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்குப் படிப்பே இல்லை. அரசுப் பள்ளி விடுதிகளுக்கு உணவுச் செலவு மாதம் 1,000 ரூபாயாக இருந்து 2023இல் 1,400 என்று உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நன்று. அதை முப்பதால் வகுத்தால் 47 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. மூன்று வேளைக்கு! ஓடாத பிள்ளைக்கே இழுபறியான தொகை. அதே விடுதியில் விடியற்காலையில் எழுந்து எட்டுக் கிலோமீட்டர் ஓடுகிற பிள்ளைக்கும் அதே 47தான். விடுமுறைக்கு மலையேறி வீட்டுக்குப் போனாலோ, தாயும் தகப்பனும் பிழைப்புக்காகக் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் போயிருப்பார்கள். பாட்டி வைத்த கஞ்சிதான்.

இவ்வளவும் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசினேன். இனி உங்களைப் பார்த்து, என் உழைக்கும் தோழர்களே! கரும்பு வெட்டுகிற கை, மூட்டை தூக்குகிற தோள், செங்கல் சுமக்கிற தலை, அத்தனைக்கும் அசதி உண்டு, எனக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தத் தெருவின் அழுகை இன்னும் காதிலே கேட்கிறது. கள்ளச்சாராயம் கொல்லும், கடைச்சாராயம் கொல்லாது என்று சிலர் ஆறுதல் தேடுகின்றனர். ஆளை மெதுவாகத்தான் கொல்லும்; ஆனால் அன்றைக்கே வீட்டுத் தட்டைக் காலி செய்துவிடும். ஒரு குவார்ட்டர் விலையில் ஏறத்தாழ இருபது முட்டை வாங்கலாம். இருபது முட்டை! பிள்ளைக்கு மூன்று வாரத்துக்கு வரும்.

இன்னொன்று. முட்டை ஒன்றே ஒன்று இருந்தால் உங்கள் வீட்டில் யார் தட்டில் விழுகிறது? பையன் தட்டில்! பெண் கடைசியில் உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்கிறாள். மாதந்தோறும் குருதி இழப்பவள் அவள். இரும்பு அதிகம் வேண்டியவளும் அவளே. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையும் "சூடு, வயிற்றைப் புரட்டும்" என்று சொல்லித் தூர எறியச் சொல்லுகிறவர்களும் நம்மிலே உண்டு. வெறும் வயிற்றில் விழுங்கினால் புரட்டத்தான் செய்யும். சாப்பிட்டபின் விழுங்கச் சொல்லுங்கள். பெண்ணுரிமையை மேடையில் பேசிவிட்டு வந்து வீட்டில் அடுப்பங்கரையில் மறந்துவிட்டால் என்ன பயன்?

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு உங்கள் ஊர்த் திடலுக்குப் போங்கள். ஓடுகிற, கபடி ஆடுகிற பிள்ளைகளை உட்காரவைத்து, நேற்றிரவு என்ன சாப்பிட்டாய், இன்று காலை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பெண் பிள்ளை ஒருத்திகூடத் திடலுக்கு வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சொல்லி அவர்கள் குருதியைச் சோதிக்க நாள் கேளுங்கள். மன்றத்தில் சுவரொட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு மூட்டை வேர்க்கடலையும் கொஞ்சம் வெல்லமும் வாங்கி, பயிற்சி முடிந்த கையோடு ஆளுக்கு ஒரு பிடி கொடுங்கள்.

பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமசபைக்குப் போங்கள். தீர்மானம் இரண்டே வரி: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை விளையாட்டுப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காலையில் சுண்டல், முட்டை, பால் வேண்டும், கல்வராயன் மலை நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகும் சாமையும் வேண்டும். பதிவேட்டில் எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, நகல் ஒன்று எடுத்து வாருங்கள்.